அம்மா தம் வீட்டிலேயே இருக்க விரும்புகிறார்: சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் பேட்டையில் முதியவர்களை வீடு தேடிப் போய்ப் பார்த்துவரும் தொண்டூழியர்களில் நானும் ஒருத்தி. உள்ளே உட்கார்ந்து பேசும்போது முதியவர் கேட்பது ஒன்று. வழியனுப்ப மின்தூக்கி வரை வரும் மகனோ மருமகளோ குரலைத் தாழ்த்திக் கேட்பது இன்னொன்று. இரு தரப்புக் கேள்விகளையும் இங்கே ஒன்றாக வைத்திருக்கிறேன். ஒருவர் கேள்வியை மற்றவரும் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம். திட்டங்களின் தொகையும் தகுதி விதிகளும் அவ்வப்போது மாறுபவை. ஆகவே விண்ணப்பிக்கும் முன் ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பை 1800-650-6060 என்ற எண்ணில் அழைத்தோ, வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) கிளை அலுவலகத்திலோ கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

எங்கு பார்த்தாலும் முதியோரைப் பற்றியே பேசுகிறார்களே, ஏன்?

2010-இல் சிங்கப்பூரர்களில் ஏறத்தாழப் பத்துப் பேருக்கு ஒருவர் 65 வயதைத் தாண்டியிருந்தார். 2030-இல் நான்கு பேருக்கு ஒருவர் அந்த வயதில் இருப்பார். பிறப்போ குறைந்துகொண்டே வருகிறது. ஒரு பெண்ணுக்குச் சராசரியாக எத்தனை பிள்ளைகள் என்று காட்டும் மொத்தக் கருவள விகிதம் 2023-இல் 0.97. அதாவது நாளைய முதியவரைப் பார்த்துக்கொள்ள ஒரு பிள்ளை இருந்தாலே பெரிது. 2030-க்குள் 65 வயதைக் கடந்த சுமார் 83,000 பேர் தனியாக வாழ்வார்கள் என்று அரசாங்கம் மதிப்பிட்டிருக்கிறது. இத்தனை பேருக்கும் தாதிமை இல்லங்களைக் கட்டி முடியாது. பெரும்பாலான முதியவர்கள் அங்கே போகவும் விரும்பவில்லை. 2023 நவம்பரில் தொடங்கப்பட்ட ‘ஏஜ் வெல் எஸ்ஜி’ திட்டத்துக்குப் பத்தாண்டுகளில் 350 கோடி வெள்ளி ஒதுக்கியதன் பின்னணி இதுதான்.

அம்மாவை அவர் வீட்டிலேயே வைத்துக்கொள்வதென்று முடிவு செய்துவிட்டோம். வேளைக்குச் சாப்பாடு, தொலைக்காட்சி, பணிப்பெண் எல்லாம் இருக்கிறது. வேறென்ன வேண்டும்?

அவர் கடைசியாக எப்போது கீழே இறங்கினார் என்று சொல்லுங்கள்.

நான் போகும் வீடுகளில் மிகவும் மனம் வருந்துவது இந்தக் கேள்விக்குப் பதில் வராத வீடுகளில்தான். வீடு துப்புரவாக இருக்கும். மாத்திரைகள் பெட்டியில் அடுக்கியிருக்கும். அம்மா சோபாவின் ஒரே மூலையில் உட்கார்ந்திருப்பார். அந்த மூலை மட்டும் குழிவிழுந்து போயிருக்கும். விழுந்துவிடுவார் என்று பயந்து பிள்ளைகள் வெளியே விடுவதில்லை. நடக்காததால் தொடைத் தசை இளைக்கிறது. தசை இளைத்ததால் தள்ளாட்டம் கூடுகிறது. தள்ளாட்டத்தைப் பார்த்துப் பிள்ளைகள் இன்னும் பயப்படுகிறார்கள்.

தம் இடத்திலேயே முதுமையைக் கழிப்பது என்றால் கீழே உள்ள காப்பிக்கடையும், ஈரச்சந்தையில் கறிவேப்பிலையைச் சும்மா போட்டுக்கொடுக்கும் கடைக்காரரும், கோயிலுக்குப் போகும் பஸ்ஸும் அதில் அடங்கும். நான்கு சுவர்களை மட்டும் மிச்சம் வைத்துவிட்டு ‘வீட்டிலேயே இருக்கிறார்’ என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். கைப்பிடிக் கம்பி முதல் கழகத்தின் மானியம் வரை இந்தப் பக்கத்தில் வரும் எல்லாமே அவரைக் கதவைத் தாண்டி வெளியே கொண்டுவருவதற்கான ஏற்பாடுகள் என்று எண்ணிப் படியுங்கள்.

வெளியில் போவதற்கும் வசதிகள் செய்யப்பட்டிருக்கின்றன. சாலை கடக்கும் இடத்தில் கம்பத்தில் உள்ள கருவியில் மூத்தோர் சலுகை அட்டையைத் தட்டினால் பச்சை மனிதன் கூடுதலாகச் சில விநாடிகள் நிற்பான். 2009 முதல் இந்த வசதி இருந்தும் எத்தனையோ பாட்டிகளுக்குத் தெரியாது. ஒருமுறை கூட்டிப்போய்த் தட்டிக் காட்டுங்கள். முதியோர் மிகுந்த வட்டாரங்களில் 2014-இலிருந்து ‘சில்வர் ஸோன்’ சாலைகள் அமைக்கப்படுகின்றன. அங்கே வாகனங்கள் மெதுவாகத்தான் போக வேண்டும். சாலை நடுவே நின்று இளைப்பாறிவிட்டு மீதித் தூரத்தைக் கடக்கவும் இடம் உண்டு.

வீட்டில் முதலில் எதை மாற்றுவது?

குளியலறையை. வேறு எதையும் யோசிக்க வேண்டாம்.

பழைய வீவக வீடுகளில் கழிவறை வாசலில் உயர்ந்த கட்டு ஒன்று இருக்கும். தண்ணீர் வெளியே வராமல் தடுப்பதற்காக வைத்தது. நாற்பது வயதில் அது இருப்பதே நமக்குத் தெரியாது. எழுபத்தைந்து வயதில், இரவு இரண்டு மணிக்கு, தூக்கக் கலக்கத்தில், இரத்த அழுத்த மாத்திரையின் மயக்கத்தோடு போகிறவருக்கு அதுதான் வீட்டிலேயே மிக ஆபத்தான இடம். ஒரு காலைத் தூக்கி வைத்து, ஈரத் தரையில் ஊன்றி, மற்றக் காலைத் தூக்குவதற்குள் உடல் முழுவதும் ஒற்றைக் காலில் நிற்கிறது. கை எதையாவது பிடிக்கப் பார்க்கும். பெரும்பாலும் அகப்படுவது துண்டு மாட்டும் கம்பி. துண்டின் எடைக்காகப் பொருத்திய கம்பி ஆளின் எடையைத் தாங்காது.

இதற்காகவே வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 2012 முதல் ‘ஈஸ்’ என்ற திட்டத்தை நடத்துகிறது. கைப்பிடிக் கம்பிகள், வழுக்காமல் இருக்கத் தரைக்குப் பூச்சு, சாய்தளம் ஆகியவை இதில் கிடைக்கும். 2024 ஏப்ரலில் பட்டியல் விரிந்தது: மடக்கக்கூடிய குளியல் இருக்கை, கழிவறை வாசல் கட்டைத் தாழ்த்துவது, வாசலை அகலப்படுத்துவது போன்றவையும் சேர்ந்தன. சிங்கப்பூரர் குடும்பத்தில் 65 வயதானவர் ஒருவர் இருந்தால் போதும். 60 முதல் 64 வயது வரை உள்ளவருக்கு அன்றாட வேலைகளில் ஏதேனும் ஒன்றுக்கு உதவி தேவைப்பட வேண்டும். செலவில் 95 விழுக்காடு வரை அரசாங்கம் ஏற்கிறது. வீடு பெரிதாக இருந்தால் மானியம் சற்றுக் குறையும்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். கம்பி பொருத்த ஆள் வரும் நாளில் முதியவரும் வீட்டில் இருக்க வேண்டும். அவரைக் கழிவறையில் உட்காரச் சொல்லுங்கள், பிறகு எழுந்திருக்கச் சொல்லுங்கள். கை இயல்பாக எந்தப் பக்கம், எந்த உயரத்துக்குப் போகிறது என்று பார்த்துச் சுவரில் பென்சிலால் குறியுங்கள். பக்கவாதத்தால் இடக்கை தளர்ந்தவருக்கு இடப்பக்கம் கம்பி வைத்துவிட்டுப் போன வீட்டை நான் பார்த்திருக்கிறேன். கம்பி புதிதாகப் பளபளத்தது. அவர் இன்னமும் கைகழுவும் தொட்டியைப் பிடித்துத்தான் எழுந்துகொண்டிருந்தார்.

நம் வீடுகளுக்கென்று தனியாக ஏதாவது ஆபத்து உண்டா?

உண்டு; இவற்றை எந்தக் கையேட்டிலும் நான் பார்த்ததில்லை.

எண்ணெய்க் குளியல். சனிக்கிழமை நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு ஈரத் தரையில் நடப்பதற்கு வழுக்காத பூச்சும் ஈடுகொடுக்காது. உட்கார்ந்து தேய்த்து, உட்கார்ந்தே குளிக்கட்டும். உள்ளங்காலில் எண்ணெய் வேண்டாம். பிறகு சீயக்காயோ சோப்போ போட்டுத் தரையைக் கழுவிவிடுங்கள்.

சாமி படங்கள். ஆணி மேலே இருக்கிறது என்பதற்காக எண்பது வயதில் முக்காலி போட்டு ஏறிப் பூச்சரம் சாத்துகிறார்கள். முருகனை நெஞ்சு உயரத்துக்கு இறக்கி மாட்டுங்கள். சாஸ்திரக் குறைவு என்று அம்மா தயங்கினால், கோயில் குருக்களிடமே ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள்.

விளக்கு. மறதி தொடங்கியவர் தனியாக இருக்கும் வீட்டில் எண்ணெய் விளக்கைத் திரைச்சீலைக்குப் பக்கத்தில் ஏற்றக் கூடாது. விளக்கை நிறுத்தச் சொல்லாதீர்கள். அந்த வேளை அவருக்கு நாளையே தாங்கிப் பிடிக்கிறது. பக்கத்தில் ஒருவர் இருக்கும் நேரத்துக்கு மாற்றுங்கள்.

புடவைக் கொசுவமும் கைலியும் தரையில் புரளாமல் ஓரிரு அங்குலம் உயர்த்திக் கட்டுவதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தளத்தில் மின்தூக்கி நிற்பதில்லை.

பழைய புளோக்குகளில் மின்தூக்கி சில தளங்களில் மட்டும் நிற்கும்படி கட்டினார்கள். 2001-இல் தொடங்கிய மேம்பாட்டுத் திட்டத்தில் பெரும்பாலானவை சரிசெய்யப்பட்டுவிட்டன. கட்டட அமைப்பாலோ செலவாலோ இயலாமல் போன புளோக்குகள் சில மீதமிருக்கின்றன. அப்படிப்பட்ட வீட்டில் இருப்பவருக்கு உடல்நலக் காரணத்தால் மின்தூக்கி தேவைப்பட்டால், வேறு வீடு வாங்கக் கழகத்தின் தனி மானியம் உண்டு. 30,000 வெள்ளி வரை. படி ஏற முடியாமல் வருடக்கணக்கில் அடைந்து கிடப்பதைவிட அதே பேட்டையில் வேறு புளோக்குக்கு மாறுவது எவ்வளவோ மேல்.

அப்பா எந்த உதவியும் வேண்டாம் என்கிறார். கைத்தடியைக் கூடத் தொடமாட்டேன் என்கிறார்.

அவரிடம் யார், எப்படிச் சொன்னீர்கள்?

செம்பவாங் கடற்படைத் தளத்தில் பளுத் தூக்கியவர்கள், சாலை போட்டவர்கள், மூன்று முறைநேரமும் மாறி மாறி வேலை பார்த்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் இந்தத் தலைமுறையினர். ‘உங்களுக்கு வயதாகிவிட்டது’ என்று தொடங்கும் எந்தப் பேச்சும் அவர்கள் காதில் ஏறாது. ‘பேரனைப் பள்ளியிலிருந்து கூட்டிவர உங்கள் கால் தெம்பாக இருக்க வேண்டும், அதற்காகத்தான்’ என்றால் கேட்பார்கள். அது உண்மையாகவும் இருக்க வேண்டும். வேலை எதுவும் கொடுக்காமல் சாக்குச் சொன்னால் கண்டுபிடித்துவிடுவார்கள்.

பிள்ளை சொல்வதைக் கேட்காதவர் சம்பந்தி சொன்னால் கேட்பார், மருத்துவர் சொன்னால் கேட்பார். கம்பியை எங்கே வைப்பது, எந்த நிறத்தில் தடி வாங்குவது என்பதையெல்லாம் அவரே தீர்மானிக்கட்டும். நடைக்கோல், சக்கர நாற்காலி போன்றவற்றுக்கு 60 வயதைக் கடந்தவர்கள் வருமானத்துக்கு ஏற்ப 90 விழுக்காடு வரை மானியம் பெறலாம். ஆனால் கடையில் வாங்குவதற்கு முன் சிகிச்சையாளர் ஒருவர் அளவு பார்க்க வேண்டும். உயரம் தவறிய கைத்தடி ஆளைச் சாய்த்துவிடும்.

துடிப்பாக மூப்படையும் நிலையத்துக்கு அம்மாவை அனுப்பினோம். அங்கே யாரும் தமிழ் பேசவில்லை என்று திரும்பிவிட்டார்.

இந்தக் கேள்விதான் எனக்கு மிக நெருக்கமானது. சற்று விரிவாகவே சொல்கிறேன்.

இனங்கள் தனித்தனியாகக் கூடி வாழக் கூடாது என்பதற்காக 1989-இலிருந்து வீவக வீடுகளில் இன விகிதக் கொள்கை நடப்பில் இருக்கிறது. அதன் நன்மையை நான் நன்றாக அறிவேன். அதே நேரத்தில், ஒரு புளோக்கில் இந்தியரும், சீனரோ மலாய்க்காரரோ அல்லாத மற்ற இனத்தவரும் சேர்ந்து 15 விழுக்காட்டுக்கு மேல் இருக்க முடியாது. வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சொன்னவர்கள் 2.5 விழுக்காட்டினர். ஆகவே ஒரு தளத்தில் ஒரே ஒரு தமிழ்ப் பாட்டி என்பது வெகு இயல்பு. கணவர் போய், பிள்ளைகள் தனி வீடு போன பிறகு, நாள் முழுவதும் தமிழில் ஒரு சொல்லும் பேசாமல் பொழுதைக் கழிப்பவர்கள் இருக்கிறார்கள். இதை எவரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. ஆனால் நாம் திட்டமிட்டால்தான் இது மாறும்.

நிலையங்கள் 60 வயதைக் கடந்த எவருக்கும் திறந்தவை. அந்தந்த வட்டாரத்து முதியவர்களுக்கு அவை பொறுப்பேற்றிருக்கின்றன. உடற்பயிற்சி, கூட்டுச் சாப்பாடு, இரத்த அழுத்தச் சோதனை, வீட்டுக்கே வந்து நலம் விசாரிப்பது எல்லாம் நடக்கும். போன முதல் நாளே அம்மா திரும்பி வந்தார் என்றால் அவர் மீது தவறில்லை. மற்றவர்கள் ஹொக்கியன் என்ற சீனக் கிளைமொழியில் சிரித்துப் பேசும்போது நடுவில் தனியாக உட்கார்ந்திருப்பது எளிதல்ல.

எங்கள் பேட்டையில் பலன் தந்த வழி இதுதான். அம்மாவைத் தனியாக அனுப்பாமல் பக்கத்துப் புளோக்குகளில் இருக்கும் தமிழ் அம்மாக்கள் இரண்டு மூன்று பேரைத் தேடிப் பிடித்து, ஒரே கிழமையில் ஒரே நேரத்தில் போகச் சொல்லுங்கள். நிலையப் பொறுப்பாளரிடம் நேரில் பேசி, வாரத்தில் ஒரு வேளையாவது தமிழ் நிகழ்ச்சிக்குக் கேளுங்கள். பெயர்ப் பட்டியலைக் கையில் கொண்டுபோனால் அவர்களும் முனைந்து செய்வார்கள். ஒருமுறை ஓர் அம்மா வீட்டிலிருந்த பல்லாங்குழியை எடுத்துவந்தார். எதிரில் உட்கார்ந்த மலாய் மூதாட்டி தம் வீட்டுச் சொங்காக் பலகையை மறுவாரம் எடுத்துவந்தார். புளியங்கொட்டைக்கும் சோழிக்கும் மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. பக்கத்தில் நின்ற சீன ஆன்டி குழியை எண்ணிக் காட்டி இருவரோடும் சண்டை போடும் அளவுக்கு ஆட்டம் வளர்ந்தது. அந்த அம்மா இப்போது யாரும் சொல்லாமலே கீழே வருகிறார்.

இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவும் சில கோயில்களும் பள்ளிவாசல்களும் நூலகத் தமிழ்ப் பிரிவும் முதியவர்களுக்கு நிகழ்ச்சிகள் நடத்துகின்றன. தூரமாக இருந்தாலும் மாதம் ஒருமுறை கூட்டிப்போங்கள். அன்றாடத் துணைக்கு மட்டும் கீழே உள்ள நிலையத்தையே நம்புங்கள். நடந்து போகும் தூரத்தில் இருப்பதுதான் நிலைக்கும்.

பகலில் வீட்டில் ஆளில்லை. பணிப்பெண் வைப்பதைத் தவிர வழி உண்டா?

உண்டு. முதியோர் பகல்நேரப் பராமரிப்பு நிலையங்கள் காலையில் வேன் அனுப்பி அழைத்துப் போய் மாலையில் கொண்டுவந்து விடுகின்றன. காயத்துக்குக் கட்டுப்போட, உணவுக் குழாயோ சிறுநீர்க் குழாயோ மாற்ற வீட்டுக்கே தாதியர் வருவார்கள். குளிப்பாட்டவும் உணவூட்டவும் மணிக்கணக்கில் பராமரிப்பாளர் வருவார்கள். சமைக்க இயலாதவருக்குச் சாப்பாடு வீடு தேடி வரும். சைவம், ஹலால் தேவை என்பதைப் பதியும்போதே சொல்லுங்கள். வருமானத்துக்கு ஏற்ப மானியம் கிடைக்கும். எல்லாவற்றுக்கும் ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்புதான் நுழைவாசல்.

பணிப்பெண்தான் வேண்டும் என்றால், வீட்டில் 67 வயதைக் கடந்த சிங்கப்பூரர் இருந்தால் அரசாங்கத்துக்குக் கட்டும் மாதத் தீர்வை 300 வெள்ளிக்குப் பதில் 60 வெள்ளி. இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் பணிப்பெண்களை எடுக்கலாம் என்பதால் தமிழ் தெரிந்தவரைத் தேட முடியும். முதியவருக்கு மொழி துணையாக இருக்கும். பணிப்பெண்ணுக்கு வார ஓய்வு உண்டு, தூக்கம் வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். இரவு நான்கு முறை எழுப்பப்படுபவரால் பகலில் பாட்டியைப் பத்திரமாகத் தாங்கிப் பிடிக்க இயலாது.

பணத்துக்கு என்ன செய்வது?

கேர்ஷீல்ட் லைஃப் என்ற நீண்டகாலப் பராமரிப்புக் காப்புறுதித் திட்டத்தில் இருப்பவர் கடுமையாக இயலாத நிலைக்குப் போனால் வாழ்நாள் முழுவதும் மாதந்தோறும் தொகை வரும். 2020-இல் 600 வெள்ளியில் தொடங்கியது, ஆண்டுதோறும் உயர்ந்து வருகிறது. குளித்தல், உடுத்தல், உண்ணுதல், கழிவறை செல்லுதல், நடமாடுதல், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுதல் ஆகிய ஆறில் மூன்றை உதவியின்றிச் செய்ய முடியாதவர் தகுதி பெறுவார். அதற்கு முன்பிருந்த எல்டர்ஷீல்ட் காப்புறுதியில் மட்டும் இருப்பவர்களுக்கு மாதம் 300 அல்லது 400 வெள்ளி, 5 அல்லது 6 ஆண்டுகளுக்கு மட்டுமே. உங்கள் பெற்றோர் எதில் இருக்கிறார்கள் என்பதை இன்றைக்கே பாருங்கள், பலருக்குத் தெரியாது.

வீட்டுப் பராமரிப்பு மானியம் 2023-இல் மாதம் 400 வெள்ளி வரை உயர்ந்தது. 2026 ஏப்ரலிலிருந்து 600 வெள்ளி வரை. வேலைபார்த்த காலத்தில் குறைவாகச் சம்பாதித்தவர்களுக்கு சில்வர் சப்போர்ட் தொகை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும். அதற்கு விண்ணப்பம் வேண்டியதில்லை.

மதிப்பீட்டு நாளைப் பற்றி ஒரு சொல். மருத்துவர் சோதிக்க வருகிறார் என்றதும் நம் அம்மாக்கள் தலைவாரிப் பொட்டிட்டு, நல்ல புடவை கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். ‘தானாகக் குளிப்பீர்களா?’ என்று கேட்டால் ‘குளிப்பேனே’ என்கிறார்கள். மானம் பேச வைக்கிறது. முந்தைய வாரத்தில் எந்த வேலைக்கு, யார், எவ்வளவு உதவினார்கள் என்பதை எழுதிவைத்து, அம்மாவுக்கு முன்னாலேயே மரியாதையோடு சொல்லுங்கள். அவருக்குத் தெரியாமல் தனியே போய்ச் சொல்வது அவரைப் புண்படுத்தும்.

வீடு இருக்கிறது, கையில் காசில்லை. வீட்டை விற்றுவிடலாமா?

அவசரப்படாதீர்கள். அதே வீட்டில் இருந்துகொண்டே மீதமுள்ள குத்தகைக் காலத்தின் பிற்பகுதியைக் கழகத்திடம் விற்கலாம். 2009-இல் தொடங்கிய இத்திட்டத்தில் 65 வயதைக் கடந்தவர்கள் சேரலாம். மூவறை வீட்டுக்காரர்களுக்கும் அதைவிடச் சிறிய வீட்டுக்காரர்களுக்கும் மட்டும் என்றிருந்தது விரிந்து, 2019 முதல் எல்லா வகை வீடுகளுக்கும் பொருந்துகிறது. கிடைக்கும் பணத்தில் ஒரு பகுதி மத்திய சேம நிதியின் ஓய்வுக் கணக்குக்குப் போய் மாத வருமானமாகத் திரும்பும். பிள்ளைகளுக்கு முழு வீடும் வந்து சேராது என்பதை முன்கூட்டியே குடும்பத்தில் பேசிவிடுங்கள். என் கருத்தைக் கேட்டால், பெற்றோர் சம்பாதித்த வீடு முதலில் பெற்றோரின் முதுமைக்குத்தான்.

மாறத்தான் வேண்டும் என்றால், 55 வயதைக் கடந்தவர்கள் குறுகிய குத்தகையில் ஈரறை ஃபிளெக்ஸி வீடு வாங்கலாம். 65 வயதைக் கடந்தவர்களுக்குச் சமூகப் பராமரிப்பு வீடுகள் இருக்கின்றன. முதலாவது புக்கிட் பாத்தோக்கில் 2021-இல் விற்பனைக்கு வந்தது; 169 வீடுகள். வீட்டோடு சேர்த்து ஒரு சேவைத் தொகுப்பையும் கட்டாயம் எடுக்க வேண்டும். 24 மணி நேர அவசர உதவியும் சிறு பழுது பார்ப்பதும் அதில் அடங்கும். அதன் மாதச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். உட்லண்ட்ஸில் 2018-இல் திறக்கப்பட்ட கம்போங் அட்மிரல்டியை ஒருமுறை போய்ப் பாருங்கள். கீழே உணவங்காடி நிலையம், நடுவே மருத்துவ நிலையம், மேலே 104 முதியோர் வீடுகள், பக்கத்தில் குழந்தைப் பராமரிப்பு நிலையம் என்று ஒன்றன்மேல் ஒன்றாக அமைத்திருக்கிறார்கள். உலகக் கட்டடக் கலை விழாவில் அந்த ஆண்டின் சிறந்த கட்டடமாக அது தேர்வானது.

பிள்ளைகளும் நகரலாம் என்பதை ஏனோ யாரும் நினைப்பதில்லை. பெற்றோரோடு வாழ மறுவிற்பனை வீடு வாங்கும் குடும்பத்துக்கு 30,000 வெள்ளி, 4 கிலோமீட்டருக்குள் வாங்கினால் 20,000 வெள்ளி மானியம் உண்டு. எழுபது வயதில் பழகிய பேட்டையை விட்டுப் பெயர்வதைவிட நாற்பது வயதில் பெயர்வது எளிது.

அப்பா ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்கிறார். வயதுதானே?

வயது என்று விட்டுவிடாதீர்கள். பலதுறை மருந்தகத்தில் சொல்லி நினைவாற்றலைச் சோதிக்கச் சொல்லுங்கள். தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு ஆகியவையும் மறதியைத் தரும்; அவற்றுக்குச் சிகிச்சை உண்டு.

முதுமை மறதி நோய் முற்றும்போது பிற்காலத்தில் கற்ற மொழிகள் முதலில் விலகிப்போவது உண்டு. அலுவலகத்தில் வாழ்நாள் முழுவதும் ஆங்கிலம் பேசியவர் தமிழ் மட்டும் பேசத் தொடங்கலாம். பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் தெரியாத வீட்டில் அவர் அப்போது முற்றிலும் தனித்துப்போவார். பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க இதைவிட அவசரமான காரணம் எனக்குத் தெரியவில்லை.

எல்லாப் புளோக்குகளும் ஒன்றுபோல இருப்பதால் வழி தவறுவது இங்கே எளிது. சில பேட்டைகளில் புளோக்குச் சுவரில் பெரிய வண்ணப் படங்கள் வரைந்திருக்கிறார்கள். உங்கள் வீட்டுக் கதவிலும் அவருக்குப் பழக்கமான ஒன்றைத் தொங்கவிடுங்கள். மாவிலைத் தோரணமே போதும். காப்பிக்கடைக்காரரிடமும் எதிர்வீட்டு மலாய் மக்சிக்கிடமும் உங்கள் கைபேசி எண்ணைக் கொடுத்து விவரத்தைச் சொல்லிவையுங்கள். ‘வெளியில் தெரிந்தால் என்ன நினைப்பார்கள்’ என்று மறைத்த குடும்பங்களில் அப்பாவைத் தேட ஒருவரும் இருக்கவில்லை.

நான்தான் பார்த்துக்கொள்கிறேன். எனக்கு முடியவில்லை. இதைச் சொன்னால் பாவம் என்று தோன்றுகிறது.

பாவம் இல்லை. பெரும்பாலும் இதைச் சொல்வது மகளோ மருமகளோதான். அண்ணன் தம்பிகள் மாதம் ஒருமுறை பழம் வாங்கிக்கொண்டு வந்து அறிவுரை சொல்லிப் போவார்கள். அவர்களிடம் கருணையை எதிர்பார்த்திருக்காமல் கிழமையையும் நேரத்தையும் சொல்லி வேலையைப் பிரித்துக் கொடுங்கள். இடைக்காலப் பராமரிப்பு என்று சில நாள்களுக்கோ வாரங்களுக்கோ முதியவரைத் தாதிமை இல்லத்தில் தங்கவைக்கும் ஏற்பாடும், வீட்டுக்கே மாற்று ஆள் வரும் ஏற்பாடும் உண்டு. உங்களுக்குக் காய்ச்சல் வரும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே பதிந்துவையுங்கள்.

எதுவரை வீட்டில் வைத்திருப்பது?

வீட்டில் இருப்பதால் அவருக்குக் கிடைக்கும் நிம்மதியைவிட ஆபத்து பெரிதாகும்வரை. படுக்கைப் புண் ஆறவில்லை, இரவு முழுவதும் ஒருவர் விழித்திருக்க வேண்டும், இருவர் சேர்ந்தால்தான் தூக்க முடிகிறது என்ற நிலை வந்தால் தாதிமை இல்லம் சரியான இடம்தான். ஈசூனில் ஸ்ரீ நாராயண மிஷன் நடத்தும் இல்லம் போன்றவற்றை முன்பே ஒருமுறை போய்ப் பார்த்துவிடுங்கள். அங்கே சேர்த்த பிறகும் வாரந்தோறும் போகிற பிள்ளை பெற்றோரைக் கைவிட்டவர் ஆகமாட்டார்.

எனக்கு 72 வயது. பிள்ளைகள் இல்லை, தனியாக இருக்கிறேன். நான் என்ன செய்ய வேண்டும், அம்மா?

ஐயா, முதலில் எல்பிஏ எனப்படும் அதிகாரப் பத்திரத்தைச் செய்துவிடுங்கள். நினைவு தடுமாறினால் உங்கள் பணத்தையும் பராமரிப்பையும் யார் கவனிக்க வேண்டும் என்பதை அதில் நீங்களே குறிப்பிடுவீர்கள். தெளிவாக இருக்கும்போது மட்டுமே செய்ய முடியும். பிறகு என்றால் உறவினரோ நண்பரோ நீதிமன்றத்துக்கு அலைய வேண்டிவரும். நம்பகமான உறவு இல்லையென்றால், பதிவுபெற்ற தொழில்முறைப் பொறுப்பாளரை நியமிக்கவும் சட்டம் இடம் தருகிறது. மத்திய சேம நிதிக்கு நியமனப் படிவத்தைத் தனியாக நிரப்புங்கள். உயிலில் எழுதினால் அந்தப் பணத்தைக் கட்டுப்படுத்தாது. எந்த மருத்துவம் வேண்டும், எது வேண்டாம் என்பதை முன்கூட்டிய பராமரிப்புத் திட்டமாகப் பதிந்துவைக்கலாம்.

அடுத்தது, கீழே உள்ள நிலையத்தில் பெயர் கொடுத்து, தனியாக இருக்கிறேன் என்று சொல்லுங்கள். ஒருநாள் வராவிட்டால் விசாரித்து அழைப்பார்கள், கதவைத் தட்டுவார்கள். கழிவறைக்குப் போகும்போதும் கைபேசியைச் சட்டைப்பையில் வைத்திருங்கள். அவசர மருத்துவ உதவிக்கு 995. மருந்துப் பட்டியலையும் ஒவ்வாமை விவரத்தையும் பெரிய எழுத்தில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டுங்கள். கேட்டுக்குப் பூட்டுப் போடுகிறவர் என்றால் மாற்றுச் சாவி ஒன்றை எதிர்வீட்டில் கொடுத்துவையுங்கள். கொடுக்கும்போது நீங்களே போய்க் கதவைத் தட்டுங்கள். தீபாவளிப் பலகாரம் கொடுக்கப் போகும் நாள் அதற்கு வசதியானது.